காற்று குடித்த நீர்

வீட்டின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள், நம் நாட்டுக் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரு விசேஷ தினம். கொங்கு நாட்டில் அதைத் ‘தார்சு போடுவது’ என்பார்கள். விடிந்ததும் விடியாததுமாகக் கலவை இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முதல் சட்டிக் கலவையை வீட்டுக்காரர் கையாலேயே கொட்டச் செய்வார்கள். அதன்பின் ஜல்லியும் மணலும் சிமென்ட்டும் தண்ணீரும் அந்த இரும்புப் பானையில் ஓயாமல் உருண்டு குழைந்து, கைக்குக் கை மாறிச் சட்டிகளில் சாரமேறி, கம்பி கட்டிய பலகையின் மேற்கு ஓரத்தில் பரவத் தொடங்கிக் கிழக்கு மூலையில் வந்து முடியும்போது பொழுது உச்சி கடந்திருக்கும். மணியாசுக்கட்டை கடைசியாக ஒருமுறை இழுபட்டு ஓய்ந்ததும் எல்லோரும் இறங்கிக் கைகால் கழுவிக்கொண்டு இலையின் முன் உட்காருவார்கள். மேஸ்திரிக்கு வேட்டி துண்டு; மற்றவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு. தளம் மேலே தனியாகக் கிடக்கும்.

அந்தத் தனிமையில் தளத்துக்கு என்ன நேருகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, பொள்ளாச்சிக்கு அருகில் ஓர் ஊரில், என் உறவினர் ஒருவர் ஆனி மாதத்தில் இப்படி ஒரு தளம் போட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை திறந்துவைத்த அந்தப் பெரிய வாயில் வழியே, கேரளத்தில் தன் மழையில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்ட தென்மேற்குக் காற்று, தென்னை மட்டைகளையெல்லாம் கிழக்கு நோக்கி வாரிவிட்டபடி, பகல் முழுதும் வீசும் பருவம் அது. வானம் மூடியிருந்தது, வெயில் என்று சொல்லத்தக்கது அன்று தரையில் விழவே இல்லை. சாப்பாடெல்லாம் முடிந்து மூன்று மணி சுமாருக்கு நான் ஏணி ஏறிப் பார்த்தபோது, காலையில் போட்ட மேற்குப் பாதியில், இரண்டு முழமும் மூன்று முழமும் நீளமுள்ள வெடிப்புகள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக, இரண்டடி மூன்றடி இடைவெளி விட்டு, தளத்தின் ஓரங்களுக்குச் சாய்வாக ஓடிக்கிடந்தன. மயிரிழை என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாதவை; ஓர் அஞ்சலட்டையின் விளிம்பு தாராளமாக நுழையும். ஆனால் அவற்றில் ஒன்றுகூடத் தளத்தின் விளிம்பைப் போய்த் தொடவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். அதன் பொருள் வெகுநாள் கழித்தே விளங்கிற்று.

கூட்டம் கூடியது; அபிப்பிராயங்களும் கூடின. சிமென்ட் மூட்டை பழையதாக இருக்கும் என்றார் ஒருவர். கம்பி போதாது என்றார் மற்றொருவர். மேற்பார்வைக்கு வந்திருந்த இளைஞர், நாளைக் காலையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னார். வீட்டுப் பாட்டியார் திருஷ்டி என்றார். மேஸ்திரி மட்டும் மனம் நொந்து, “வெயிலே இல்லீங்களே, காத்தாலருந்து மோடமாத்தானுங்க இருந்துச்சு, எப்படீங்க வெடிக்கும்?” என்று கேட்டார். அன்று அங்கே பேசப்பட்டவற்றுள் விஞ்ஞானக் கேள்வி அது ஒன்றுதான். மற்ற நான்கு விடைகளில் உண்மைக்குச் சற்றேனும் அருகில் நின்றது பாட்டியாருடையது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்ற மட்டிலாவது அவர் சொன்னது சரி.

இந்த வெடிப்புக்குப் பொறியியலார் இட்ட பெயர் ‘பிளாஸ்டிக் சுருக்க வெடிப்பு’. பெயரைக் கேட்டதும் குடமும் வாளியும் நினைவுக்கு வந்தால் பிழை நம்முடையதன்று; விரும்பிய வடிவத்துக்கு இணங்கிக் குழைகிற எதையும் குறித்த கிரேக்கச் சொல் அது; குடத்துக்கு வந்ததெல்லாம் பிற்பாடுதான். குழைநிலைச் சுருக்கம் என்று நாம் சொல்லிக்கொள்வோம். கான்கிரீட் குழைந்த நிலையிலிருந்து இறுகிய நிலைக்குக் கடக்கும் முதல் சில மணி நேரத்துக்குள்ளாகவே, அதாவது நாம் ‘தண்ணீர் விடுவது’ என்று சொல்கிற நீராற்றும் வேலையைப் பற்றி யாரும் நினைத்தே பார்க்காத வேளையில், இந்த வெடிப்புப் பிறந்து வளர்ந்து முடிந்துவிடுகிறது.

புதிதாகப் போட்ட கான்கிரீட்டைக் கல் என்று எண்ணுவதைவிடக் கலங்கிய குளம் என்று எண்ணுவது உண்மைக்கு நெருங்கியது. அதில் ஜல்லி உண்டு, மணல் உண்டு, மணலினும் மிக நுண்ணிய சிமென்ட் துகள்கள் உண்டு. இவை அனைத்தும் தண்ணீரில் மிதந்தும் மூழ்கியும் கிடக்கின்றன. சிமென்ட் தண்ணீரைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாகக் கனக்கும்; கல்லும் மணலும் இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். ஆகவே கனமானவை மெள்ளக் கீழே அமர, இடம் இழந்த நீர் மேலே ஊறி வருகிறது. கலங்கிய நீரைக் குடத்தில் வைத்தால் வண்டல் அடியிலும் தெளிவு மேலும் நிற்கும் அதே நியாயந்தான். மேலே வரும் இந்த நீரை நான் ஊறுநீர் என்றே சொல்லிவருகிறேன். கட்டை இழுத்த சற்று நேரத்தில் தளத்தின் முகம் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பதை எல்லாக் கொத்தனார்களும் பார்த்திருப்பார்கள். அந்த மினுமினுப்பு ஊறுநீருடையது. அது இருக்கும் வரை தளத்துக்கு ஆபத்தில்லை.

ஆனால் ஊறுநீர் மேலே வந்த கணமே அதைக் காற்று எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. கீழிருந்து வரும் வரவு ஒரு பக்கம், மேலே ஆவியாகிப் போகும் செலவு ஒரு பக்கம். வரவு மிகுந்திருக்கும் வரை மினுமினுப்பு நிற்கும், செலவு மிஞ்சினால் முகம் மங்கிச் சாம்பல் பூத்துவிடும். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ நீர் போனால், அது ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள நீர்ப்படலம் போனதற்குச் சமம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த ஒரு மில்லிமீட்டரைத்தான் உலகெங்கும் எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கிறார்கள்; சாதாரணக் கான்கிரீட்டின் ஊறுநீர் இந்த வேகச் செலவுக்கு ஈடுகொடுக்க மாட்டாது என்பது அனுபவம். ஊறுநீர் குறைவான கலவைகளில் அதில் பாதியே வம்புக்குப் போதும்.

முகம் காய்ந்தவுடன் நடப்பது சூட்சுமமான காரியம். அதை விளங்கிக்கொள்ளச் சென்னைக் கடற்கரைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் போதும். காய்ந்த மணலில் கால் புதைகிறது; அலையடிக்கும் நீரில் நின்றாலும் காலடி மணல் கரைகிறது; இடையே அலை வந்து மீண்ட ஈரப் பட்டையில் மட்டும் தரை கட்டாந்தரைபோல் நிற்கிறது. மணலும் ஒன்று, நீரும் ஒன்று; வேறுபாடு எங்கே? ஈரப் பட்டையில் நீர் மணிகளின் இடுக்குகளுக்குள் இறங்கி, ஒவ்வோர் இடுக்கிலும் உட்குழிந்த சிறு பரப்பாகத் தொங்கிக்கொண்டு, சுற்றியுள்ள மணிகளைத் தன்னை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தலை முழுகி எழுந்தவளின் கூந்தல் தண்ணீருக்குள் பிரிந்து அலைந்ததும், வெளியே வந்தவுடன் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். திரவத்தின் வளைந்த பரப்பு எவ்வளவு சக்தியுடன் இழுக்கும் என்ற கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் தாமஸ் யங்கும் பிரான்ஸில் லாப்லாஸும் செய்து வைத்துவிட்டார்கள். இடுக்கு எத்தனை குறுகலோ இழுப்பு அத்தனை பெரிது என்பது அதன் சாரம்.

கடற்கரை மணலுக்கே அந்தப் பலம் என்றால், மணலைவிடப் பன்மடங்கு நுண்ணிய சிமென்ட்டின் இடுக்குகளில் எவ்வளவு இருக்கும்? இடுக்கின் ஆரம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்ததில் மூன்று பங்கு என்று உத்தேசமாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், இழுவிசை வாயுமண்டல அழுத்தத்தில் கிட்டத்தட்டப் பாதி வருகிறது. அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 டன். ஐந்தங்குலத் தளத்தின் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 300 கிலோதான். ஆகவே தன் எடையைப்போல் பதினாறு மடங்கு பலத்துடன் அந்தப் பச்சைத் தளத்தின் மேல்தோல் நாலா பக்கமும் நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்டுச் சுருங்க விரும்புகிறது. கீழே உள்ள பகுதியோ ஈரம் குன்றாமல், சுருங்கும் எண்ணமே இல்லாமல் இருக்கிறது. கம்பிகளும் பலகையும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இழுபறியில் நடுவே அகப்பட்ட தோல், நீர்போல் ஓடி இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் குழந்தைப் பருவத்தைக் கடந்துவிட்டது; கல்போல் தாங்கி நிற்கும் வயதை இன்னும் எட்டவில்லை. இரண்டுங்கெட்டான் பருவம். அந்தப் பருவத்தில்தான் அது கிழிகிறது.

கிழிந்த விதத்தைக் கொண்டே காரணத்தைப் படித்துவிடலாம். வருஷம் கழித்து இறுகிய கான்கிரீட்டில் விழும் வெடிப்பு ஜல்லியையும் பிளந்துகொண்டு போகக்கூடும். குழைநிலை வெடிப்போ, எதையும் பிளக்கும் பலமில்லாத பசையில் ஓடுவதால், ஒவ்வொரு ஜல்லியையும் சுற்றிக்கொண்டு வளைந்து வளைந்து போகும். மேலே அகன்று கீழே குறுகும். பெரும்பாலும் ஓரிரண்டு அங்குல ஆழத்தில் நின்றுவிடும், சில வேளை அடிவரை இறங்கிவிடும். தளத்தின் விளிம்புக்கு அருகில் உள்ள பகுதி தடையின்றி உள்நோக்கிச் சுருங்கிக்கொள்ள முடிவதால், அங்கே இழுப்பு ஏறுவதில்லை, வெடிப்பும் விளிம்பை எட்டுவதில்லை. பொள்ளாச்சித் தளத்தில் நான் கண்டு விளங்காமல் விட்டது இதுதான். கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும் இந்தச் சரித்திரத்தின் மற்றொரு பிரதிதான்.

இனி மேஸ்திரியின் கேள்விக்கு வருவோம். வெயிலே இல்லாதபோது நீர் எங்கே போயிற்று? விடை கான்கிரீட்டிலிருந்து கிடைக்கவில்லை. ஓர் ஏரியிலிருந்து கிடைத்தது.

அமெரிக்காவின் கொலராடோ நதியில் ஹூவர் அணையைக் கட்டிய பிறகு, அதன் பின்னே தேங்கிய மீட் ஏரியிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகிப் போகிறது என்று அறிய வேண்டிய அவசியம் அந்த அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. நேரே அளப்பது கஷ்டமாக இருந்தபடியால், வரவு செலவைத் துல்லியமாகக் கணக்கெடுக்கத் தோதான ஹெஃப்னர் ஏரியை, ஓக்லஹோமா நகரத்தின் ஓரத்தில் உள்ள குடிநீர் ஏரியை, பரீட்சைக்கூடமாகத் தேர்ந்துகொண்டு 1950-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். நீர் ஆவியாகும் வேகம் நீரின் முகத்திலும் காற்றிலும் உள்ள ஆவியழுத்தங்களின் வித்தியாசத்தைப் பொறுத்தது, காற்றின் வேகத்தையும் பொறுத்தது என்று ஜான் டால்டன் 1802ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். ஹெஃப்னர் ஏரியில் அதற்கு எண்கள் கிடைத்தன. போர்ட்லண்டு சிமென்ட் சங்கத்தைச் சேர்ந்த கார்ல் மென்சல் 1954இல் அந்த எண்களை எடுத்து ஈரக் கான்கிரீட்டுக்குப் பொருத்தினார். ஈரம் மினுங்கும் தளமும் ஒரு சிறு ஏரிதானே என்பது அவர் யோசனை. அதிலிருந்து 1960இல் ஒரு வரைபடம் பிறந்து, அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டிகளில் இடம்பெற்று, உலகம் முழுவதும் பரவியது. ஒரு கான்கிரீட் அணையின் நிமித்தம் ஏரியை அளக்கப் போன அறிவு, சுற்றிக்கொண்டு கான்கிரீட்டுக்கே திரும்பி வந்தது.

கோடுகளை விரலால் தொடர்ந்து போகும் அந்த வரைபடத்தின் சங்கடத்தைத் தவிர்க்க, பால் யூனோ என்பவர் 1998இல் அதை ஒரே சூத்திரமாகச் சுருக்கினார். சூத்திரத்தைச் சொற்களால் சொல்லிவிடலாம். கான்கிரீட்டின் உஷ்ணத்தைச் செல்சியஸில் எடுத்து 18 கூட்டி, அதை இரண்டரைப் படிக்கு உயர்த்துக. காற்றின் உஷ்ணத்துக்கும் அவ்வாறே செய்து, வந்ததை ஈரப்பதத்தின் பின்னத்தால் பெருக்கி, முன்னதிலிருந்து கழிக்க. மிச்சத்தைக் காற்றின் மணிக்குக் கிலோமீட்டர் வேகத்தோடு 4 கூட்டிய எண்ணால் பெருக்கி, மறுபடி ஐந்தால் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு மணியில் எத்தனை கிலோ நீர் போகும் என்பது வந்துவிடும். முகத்தில் ஈரம் நிற்கும் வரையில்தான் இந்தக் கணக்கு. காய்ந்தபின் ஆவியாவது தளர்ந்துவிடும். ஆனால் நமக்கு வேண்டியது காய்வதற்கு முந்தைய கதைதானே.

அந்த ஆனி மாதப் பகலில் நம்மிடம் கருவி எதுவும் இல்லை. காற்றின் உஷ்ணம் 29 பாகை, கான்கிரீட் 32 பாகை, ஈரப்பதம் நூற்றுக்கு 60, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்று உத்தேசமாகக் கொள்வோம். கணக்குப் போட்டால் 1.46 கிலோ வருகிறது. எச்சரிக்கை எல்லையைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கக் காற்று மட்டும் நின்றிருந்தால்? 0.17 கிலோ. இனிக் கத்திரி வெயிலில், இலையசையாத ஒரு பகலில், காற்று 40 பாகையும் கான்கிரீட் 38 பாகையும் ஈரப்பதம் நூற்றுக்கு 30ஆகவும் உள்ளபோது, மூன்று கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஊர்ந்தால் எவ்வளவு? 0.55 கிலோதான். மண்டை பிளக்கும் அந்தப் பகலைவிட, மேகம் மூடிய இதமான ஆனிப் பகல் தளத்துக்கு இரண்டரை மடங்குக்கு மேல் கொடியது! வெயிலை எதிரியாக வைத்தே பழகிய நமக்கு இதை மனம் ஒப்புவது கஷ்டம். வெயில் சுடுகிறது, எச்சரிக்கிறது, நிழல் தேட வைக்கிறது. காற்றோ வேலை செய்பவனின் வியர்வையை ஆற்றிக்கொண்டே தளத்தின் நீரையும் குடித்துவிட்டுப் போகிறது.

குளிர்நாட்டிலும் இந்தக் கதை உண்டு என்றால் வியப்பாக இருக்கும். கலவையைச் சூடாக்கி 25 பாகையில் ஊற்றுகிறார்கள். வெளிக்காற்று 5 பாகை, ஈரப்பதம் நூற்றுக்கு 50, காற்றின் வேகம் 20 என்றால் 1.30 கிலோ வருகிறது. நடுங்கும் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பவனுக்குத் தன் காலடியில் தளம் காய்ந்து வெடிக்கிறது என்று தோன்றுமா?

குழைநிலையில் இன்னொரு வகை வெடிப்பும் உண்டு. அதை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. கனமானவை கீழே அமரும்போது வழியில் ஒரு கம்பி இருந்தால், கம்பிக்கு இருபுறமும் கான்கிரீட் இறங்க, கம்பியின் மேல் உள்ளது மட்டும் இறங்க முடியாமல் தொங்கி, கம்பியின் நேர் மேலே முதுகெலும்பைப்போல் வெடிக்கும். கம்பி ஓடிய கோட்டிலேயே கட்டம் கட்டமாக வெடிப்பு விழுந்தால் குற்றவாளி காற்றன்று, அமர்வு. தண்ணீர் அதிகம் விட்ட கலவையும், கம்பிக்கு மேல் மூடல் மெலிந்த தளமும், சரியாகக் குத்தி இறுக்காத வேலையும் இதற்குக் காரணம். ஆழமான உத்திரமும் மெல்லிய தளமும் சேரும் இடத்திலும் இது தோன்றும். உத்திரத்தை முதலில் நிரப்பி, அது அமரக் கொஞ்ச நேரம் கொடுத்துப் பின் தளத்தைத் தொடர்ந்தால் நின்றுவிடும்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. கலவை எவ்வளவு நேர்த்தியானதோ அவ்வளவு எளிதில் அது இந்தக் குழந்தை நோய்க்கு ஆளாகிறது. தண்ணீரை அளவாக விட்டு, நுண்மையாக அரைத்த சிமென்ட்டையும் அதனினும் நுண்ணிய சிலிக்காப் புகைத்தூளையும் சேர்த்துச் செய்கிற இக்காலத்து உயர்பலக் கான்கிரீட்டில், நீர் மேலே ஊறி வர வழியே இல்லை; வரவு பூஜ்யம், ஆகவே மெல்லிய காற்றும் அதற்குப் புயல். கஞ்சிபோல் நீர்த்த மட்டக் கலவையோ ஊறுநீரில் மூழ்கிக் கிடந்து முதல் நாளைத் தப்பித்துக்கொள்கிறது. அதைக் கண்டு, தண்ணீர் தாராளமாக விட்டால் வெடிக்காது என்று சில மேஸ்திரிகள் சித்தாந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். பலத்தை விற்று வெடிப்பை வாங்காமல் தப்பும் வியாபாரம் அது. அதன் நஷ்டம் பிற்பாடு வரும்.

பழைய சென்னை வீடுகளின் ‘மெட்ராஸ் டெரஸ்’ தளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடிப்பார்கள். கட்டை துள்ளி மீளும் வரை அடி ஓயாது. காரையை இறுக்குவதற்கு என்றே அந்த அடியைப் பற்றிச் சொல்வது வழக்கம். ஆனால் காயும்போது தோன்றுகிற ஒவ்வொரு வெடிப்பும் அது கண்ணுக்குப் புலப்படுமுன்பே அடியில் மூடிப்போனது என்பதும், அத்தனை நாளும் தளத்தின் முகம் காய விடப்படவே இல்லை என்பதும் அதன் உள்ளே அடங்கிய பயன்கள். சுண்ணாம்பு நிதானமாக இறுகும் பொருளாகையால் அந்தக் கவனிப்பை வாரக்கணக்கில் பரத்திவைக்க முடிந்தது. சிமென்ட் வந்தது, வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. இந்தியச் சிமென்ட்டுக்கான பிரமாணப்படி அது 30 நிமிஷத்துக்கு முன் இறுகத் தொடங்கலாகாது, 600 நிமிஷத்துக்குள் இறுகி முடிய வேண்டும். பழைய காரைக்குப் பல நாட்களில் பங்கிட்டுக் கொடுத்த கவனத்தை அந்த ஒரு பகலுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதை நம் தொழில் மரபு இன்னும் முழுதாக ஏற்கவில்லை. தண்ணீர் நிறுத்துவது நாளைக் காலை என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

பரிகாரங்கள் விலையுயர்ந்தவையல்ல. கட்டை இழுத்த பகுதியை இழுத்தபடியே பாலிதீன் தாளால் மூடிக்கொண்டு வருவது எல்லாவற்றிலும் சிறந்தது. காற்று தூக்கிவிடாதபடி ஓரங்களில் பாரம் வைக்க வேண்டும். மேற்குப் பக்கம் சாரக் கம்புகளில் தார்ப்பாயைக் கட்டிக் காற்றின் வேகத்தைப் பாதியாக்கினால், நம் ஆனிக் கணக்கில் 1.46 என்பது 0.82 ஆகிறது. ஜல்லிக் குவியலுக்கு நிழலிட்டு நீர் தெளித்து, தொட்டித் தண்ணீரை வெயிலில் காய விடாமல் வைத்து, கலவையின் உஷ்ணத்தை ஐந்து பாகை குறைத்தால் அதே 1.46 என்பது 0.76 ஆகிறது. பலகையை முன்கூட்டியே நனைத்து வைத்தால் அது கீழிருந்து நீரை உறிஞ்சாது. பிற்பகலில் வேலையைத் தொடங்கினால், இரண்டுங்கெட்டான் பருவம் ஈரப்பதம் ஏறும் இரவில் விழும்; விளக்குக் கட்டும் செலவுக்குச் சலித்துக்கொள்பவர்கள், பின்னால் ஒழுகும் தளத்துக்குப் பூசும் மருந்துகளின் விலையையும் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

நூதனமான வழிகளும் உண்டு. நீரின் முகத்தில் ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலமாகப் பரவி நிற்கும் கொழுப்பு வகைச் சாராயங்களை நீரில் கலந்து தளத்தின் மேல் தெளித்தால், ஆவியாவது வெகுவாகக் குறைகிறது. 1958இல் இதே வகைப் படலத்தை முழு ஏரி ஒன்றின் மீது விரித்து ஆவியிழப்பைக் குறைக்க முடியுமா என்று சோதித்தார்கள். எந்த ஏரி என்று கேட்கிறீர்களா? அதே ஹெஃப்னர் ஏரிதான். இன்னொரு வழி, மயிர்போன்ற பாலிப்ரோப்பிலீன் இழைகளைக் கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கலவையில் சேர்ப்பது. அவை ஆவியாவதைத் தடுப்பதில்லை. பலமற்ற பசையில் தோன்றும் நுண்கிழிசல்களைத் தைத்துப் பிடித்து, அவை வளராமல் செய்கின்றன. மண்சுவருக்குச் சேறு குழைக்கையில் வைக்கோலையும் உமியையும் மிதித்துச் சேர்த்த நம் பாட்டனாருக்கு இது புதுச் செய்தியாக இராது.

வெடித்தே விட்டதென்றால்? கலவை இன்னும் இளகியிருக்கும் மட்டும் வழி உண்டு. அதிர்வுக் கருவியின் ஊசி தன் எடையாலேயே கலவைக்குள் இறங்குமானால் மறுபடி அதிர வைக்கலாம். அல்லது மரக்கட்டையால் வெடிப்பின் இருபுறமும் அழுத்திக் குத்தி ஆழம் வரை மூடலாம். கரண்டியால் மேலே தடவி மறைப்பது மட்டும் உதவாது. அது புண்ணின் மேல் துணி போர்த்துவது. உலர்ந்த சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பது அதைவிடக் கெட்டது. மேலே ஒரு பொருக்கு உண்டாகி அதுவும் தனியே சுருங்கி வலைபோல் வெடிக்கும். வீடு உடனே இடிந்து விழாது என்பது உண்மையே. கட்டடத்தின் தாங்கு சக்திக்கு இந்த வெடிப்புகளால் பெரிய குறைவு நேர்வது அபூர்வம். ஆனால் தளத்தில் கம்பிக்கு மேல் உள்ள மூடல் முக்கால் அங்குலம் சுமார். வெடிப்பு அதைத் தாண்டி இறங்கிவிட்டால், மழைநீரும் காற்றும் கடலோரமானால் உப்பும் நேரே கம்பிக்குப் போய்ச் சேர வழி திறந்தாயிற்று. கம்பி துருவாகும்போது பருத்துக் கான்கிரீட்டைத் தானே பெயர்த்துத் தள்ளும்.

அன்று மூன்று மணிக்கு எனக்கு இவற்றில் பாதிகூடத் தெரியாது. தெரிந்த கொஞ்சத்தைக் கொண்டு, மினுமினுப்பு மங்கத் தொடங்கியிருந்த கிழக்கு மூலையை மூடச் சொன்னேன். மேஸ்திரி சாப்பாட்டு இலையை எடுக்கக்கூட நில்லாமல் ஆட்களுடன் மேலேறி, அங்கே மெல்லியதாகக் கோடு விட்டிருந்த இரண்டு மூன்று வெடிப்புகளைக் கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடி, உரச் சாக்குகளைப் பிரித்து நனைத்துப் போர்த்தினார். மேற்குப் பாதி கட்டைக்கு மசியவில்லை. அடித்தால் ஓசை வந்தது. மறுநாள் முறைப்படி பாத்தி கட்டினார்கள். பத்து நாளைக்கு மேல் தண்ணீர் நின்றது. வெடிப்புகளில் சிமென்ட் பால் ஊற்றினார்கள். எல்லோரும் மறந்தும் போனார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மேற்குப் பக்கத்து அறையின் விதானத்தில், வெள்ளையடித்த பரப்பின் மேல், இணை இணையாகச் சாய்ந்த பழுப்பு நிற ஈரக் கோடுகள் ஓடியிருந்தன. கீழே ஒரு பித்தளைப் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. கிழக்கு மூலையில், நெல் மூட்டைகளை அடுக்கியிருந்த அறையில், விதானம் காய்ந்து வெளுப்பாக இருந்தது.